எயினரும் வேடரும்: ஏட்டிலும் நாட்டிலும்

குண்டசாலையிலிருந்து கிழக்கே செல்லும் வீதி திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய ஆகிய ஊர்களைக் கடந்து மலையிறங்கி மகியங்கனையை அடைகின்றது. அதற்கப்பால் வேடர் குடியிருப்பான தம்பான உள்ளது. வீர நரேந்திரசிங்கன் (1707–1739) மாளிகை அமைத்து வாழ்ந்த குண்டசாலைக்கும் அக்காட்டுப் புறத்துக்குமிடையே மனிதரும் பண்டங்களும் தெய்வங்களும் போய்வந்த பாதை புதியதன்று. இன்றும் வேடர் தேன் கொணர்ந்து தலதா மாளிகைக்குக் காணிக்கையாக்கும் வழக்கம் உண்டு. ஆயினும் 'வேட்டுவர்' என்றதும் தமிழ் மாணவர் நினைவுக்கு வருவோர் பெரும்பாணாற்றுப்படையின் எயினரும் சிலப்பதிகாரத்தின் சாலினியும் பெரியபுராணத்தின் திண்ணனாருமேயன்றி, ஒரு பகற்பொழுதிற் சென்றடையத்தக்க தம்பான மக்கள் அல்லர். ஏட்டிலுள்ள வேடனைப் போற்றிவிட்டு நாட்டிலுள்ள வேடனைக் காணாதிருக்கும் இம்மரபு எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு எமது வினா.

பெரும்பாணாற்றுப்படையிலிருந்தே தொடங்குவோம். எயிற்றியர் கடப்பாரை போன்ற கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகின்றனர். அதனை நிலவுரலிற் குற்றி, உவர்நீர் உலையேற்றிச் சமைத்து, வாடூனுடன் பாணருக்கு அளிக்கின்றனர். உரைகாரர் இதனை விருந்தோம்பற் சிறப்பாகக் கண்டனர். சமுதாய நோக்கில் இலக்கியத்தை ஆராய்ந்தோர் இதனுள் உணவு சேகரிக்கும் வாழ்க்கையின் எச்சத்தைக் கண்டனர். கைலாசபதியின் வீரயுக ஆய்வும் (1968) சிவத்தம்பியின் திணைக் கோட்பாட்டு ஆய்வும் (1974) இலக்கியத்தைப் பொருளியல் அடிப்படையோடு இணைத்துக் காட்டிய பெரும்பணிகள். அவற்றின் வழிவந்தோர் பலர் அப்பணியைத் தொடராது, திணைகளை ஏணிப்படிகளாக மாத்திரம் அடுக்கி மனநிறைவுற்றனர். குறிஞ்சி கீழ்ப்படி, மருதம் மேற்படி. கீழ்ப்படியில் நின்றோர் மேலேறிவிட்டனர் அல்லது மறைந்துவிட்டனர் என்பது அவர்தம் முடிபு.

அந்தக் கோலை மீண்டும் நோக்குக. அதன் நுனியில் இரும்பு பூணப்பட்டிருந்ததைப் புலவர் கவனமாகக் குறிக்கின்றார். எயிற்றியர் இரும்பு உருக்கியதாக அவர் கூறவில்லை. அப்பூணைச் செய்தவன் எங்கோ ஒரு கொல்லன். அவனுக்குக் கைம்மாறாகக் காட்டிலிருந்து ஏதேனும் சென்றிருக்க வேண்டும். 1681ஆம் ஆண்டு வெளிவந்த தமது இலங்கை வரலாற்றில் றொபேட் நொக்ஸ் கூறும் செய்தி இதற்கு வியக்கத்தக்க விளக்கமாகின்றது. வேடர் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் இலையொன்றை வெட்டி வைத்துச் செல்வராம். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிடின் அம்பே கிடைக்கும். இதில் கேள்விக்கதையின் மிகை இருத்தல் கூடும். ஆயினும் காடு தனித்திருந்ததில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சித்திரம் கிடைத்தல் அரிது.

இவ்விடத்துத் தென்னாபிரிக்கப் பகுதியின் கலஹாரி மக்களைப் பற்றிய விவாதம் மனங்கொள்ளத்தக்கது. 1960களில் சான் மக்களிடையே ஆய்வு செய்த றிச்சர்ட் லீ, அவர்தம் உணவிற் பெரும்பகுதி ஆடவர் வேட்டையாடிய இறைச்சியன்று, பெண்டிர் பெரும்பங்கு திரட்டிய கொட்டைகளும் கிழங்குகளுமே என்று அளந்து காட்டினார். உணவு தேடுவதில் அவர்கள் செலவிட்டது வாரத்திற்கு ஏறத்தாழ இரண்டரை நாள். இதனைக் கொண்டே மார்ஷல் சாலின்ஸ் அத்தகைய சமுதாயங்களைத் தேவை குறைந்த செல்வச் சமுதாயங்கள் என்றார். ஆடவரின் வில்லை மாத்திரமே பாடிய மரபில், கோலூன்றி நிலத்தைக் கிளறிய எயிற்றியைப் பதிந்து வைத்த எமது புலவர் லீக்கு முன்னோடியெனலாம்.

ஆனால் 1989இல் எட்வின் வில்ம்சன் இச்சித்திரத்தை வன்மையாக மறுத்தார். சான் மக்கள் கற்காலத்தில் உறைந்தவரல்லர். மந்தை வளர்ப்போருடனும் வணிகருடனும் நெடுங்காலம் உறவு கொண்டு, அவ்வுறவிலேயே நிலமற்ற கீழ்வகுப்பாக ஆக்கப்பட்டோர் என்பது அவர் கொள்கை. எமது நாட்டிலும் கணநாத் ஒபயசேகர, கண்டி இராச்சியத்தில் வேடரின் இடத்தை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட நூலில், 'காட்டு வேடன்' என்பது பெரிதும் குடியேற்ற ஆட்சிக்கால அறிவு படைத்த உருவம் என நிறுவ முயன்றார். வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்குடையார்க்கு இவ்விரு முடிபுகளும் அணுக்கமானவை. மக்கள் தம்மைச் சூழ்ந்த உற்பத்தி உறவுகளிலேயே உருவாகின்றனர் என்பதன்றோ எமது அடிப்படை?

எனினும் ஓர் ஐயம் எழாதிருக்க முடியாது. "இவர்கள் உண்மையான வேடர் அல்லர்" என்ற தொடர் ஆய்வாளன் வாயில் ஒரு பொருளும், நிலத்தைக் கொள்ள விரும்பும் அதிகாரி வாயில் பிறிதொரு பொருளும் பெறும். பொட்ஸ்வானா அரசு 1997இலும் 2002இலும் மத்திய கலஹாரி வனவிலங்கு ஒதுக்ககத்திலிருந்து சான் மக்களை வெளியேற்றியது. அவர்கள் இப்போது குதிரையும் ஆடும் வைத்திருக்கின்றனர், துவக்கும் ஏந்துகின்றனர், ஆதலின் பழைய வேட்டுவர் அல்லர் என்பது சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களை நிலத்தினின்று அகற்றியது சட்டவிரோதம் எனத் தீர்த்தது. நீர் முதலிய சேவைகளை நிறுத்தியதைச் சட்டவிரோதமென்று கூறவில்லை. நிலம் உண்டு, நீர் இல்லை! குழாய்க்கிணற்றைப் பயன்படுத்தும் உரிமைக்கு அவர்கள் 2011 வரை காத்திருக்க நேர்ந்தது.

மகாவலி நாட்டில் நடந்ததும் வேறன்று. குண்டசாலையைத் தொட்டு ஓடும் அந்நதியின் பெயரால், 1977இல் துரிதப்படுத்தப்பட்ட திட்டத்தின் தொடர்ச்சியாக, 1983 நவம்பரில் மாதுறு ஓயாத் தேசிய பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. வேட்டையும் தேனெடுத்தலும் ஒரே நாளில் குற்றமாயின. குடும்பங்கள் பல ஹென்னானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாஹாமியும் சிலரும் அகல மறுத்தனர். குடியேறியோர்க்கு அளிக்கப்பட்டது இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுநிலமும். குறிஞ்சியை மருதமாக்கும் அரசாணை என இதனைக் கூறுதல் மிகையன்று. எமது வகுப்பறை ஏணியும் மகாவலித் திட்டத்தின் ஏணியும் ஒன்றே என்பதுதான் எம்மை உறுத்துவது. மோர்கனிடமிருந்து ஏங்கெல்ஸ் 1884இல் எடுத்தாண்ட படிநிலைகள், தனிச்சொத்து நிலையானதன்று என்பதைக் காட்டவே எழுந்தன. அவற்றை, உயிரோடிருப்போரைப் பழமையென ஒதுக்கும் அளவுகோலாக்கியது ஏங்கெல்ஸின் பிழையன்று.

வேட்டுவவரியை இப்பின்னணியில் வாசித்தல் வேண்டும். தெய்வமேறிய சாலினி, பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகிக் கிடக்க எயினர் மன்று பாழ்பட்டதென்றும், மறவர் அடங்கிய குடிகளைப் போற் சினம் அவிந்தனர் என்றும் சினந்து கூறுகின்றாள். கொற்றவை வழிபாட்டுக்குச் சான்று என்பதோடு எமது பாடநூல்கள் இதனை விட்டுவிடுகின்றன. அடக்கப்பட்ட ஒரு குழுவின் குரலை இளங்கோ கேட்டிருக்கிறார் என்பது அவற்றுக்குத் தோன்றவில்லை. சேக்கிழாரிடம் இக்குரல் இல்லை. திண்ணனாரின் ஊனுணவு கோயிலுள் நுழைவதற்கு அவர் கண் விலையாகின்றது.

இறுதியாக, தமிழ் பேசும் வேடரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். வாகரை, கதிரவெளி, மூதூர்க் கரையோரங்களில் வாழும் இவர்கள் சாதியமைப்பின் கீழ்நிலையிலும், பின்னர்ப் போரின் இடப்பெயர்வுகளிலும் துன்புற்றோர். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் பெருநூல் கலப்பற்ற வேடரைத் தேடிச் சென்ற நூல். கரையோர வேடர் அதிற் கலப்புற்றோராகவே இடம்பெறுகின்றனர். குடிசன மதிப்பீடும் அவ்வழியே சென்றது. 1946இல் 2,361 ஆயிருந்த வேடர் தொகை 1953இல் 803 ஆயிற்று. ஏழாண்டில் இத்தனை பேர் இறந்திலர். சிங்களவர் அல்லது தமிழர் என எழுதப்பட்டனர். தமிழர் என எழுதப்பட்டோரின் சடங்குப் பாடல்களைத் தமிழிலக்கிய வரலாறு தனதென எழுதிக்கொள்ளவில்லை. அச்சடங்குகளிற் கப்பல் தெய்வங்கள் அழைக்கப்படுகின்றன. கடல்வழி வந்த அந்நியரின் ஆவிகள் அவை. செலிக்மனுக்கு இவை கலப்பின் அடையாளம். எமக்கோ, கீழைக்கரையின் வணிக வரலாற்றை அதன் விளிம்பில் நின்றோர் தாமே கூறும் சான்று. அதனைப் பதிப்பிக்கும் பணிக்கு ஏட்டுச்சுவடி தேவையில்லை. பாடுவோர் வாகரையில் இருக்கின்றனர்.