மருந்துச் சீட்டில் குலம்

மேல்நாட்டாரைச் சோதித்து வகுத்த அளவு நம்மவர் தேகத்துக்கு ஒவ்வாது, இனம் பார்த்தே மருந்து கொடுக்கவேண்டும் என்னும் வாதம் இப்போது பெரிய நாகரிகமாகிவிட்டது. சென்ற சாரலுக்குக் குற்றாலம் வந்திருந்த வைத்திய நண்பர் ஒருவர், கடையத்தில் என் வீட்டுத் திண்ணையிலிருந்தபடியே அதை ஆணித்தரமாக ஸ்தாபித்துவிட்டுப் போனார்.

அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆரிய வைசியர் சிலரிடம் ஒரு நொதி பிறவியிலேயே குறைவுபட்டிருப்பதால், அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெத்தோனியம், பிறருக்குச் சில நிமிஷங்களில் தெளிந்துவிடுவது, அவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சை நிறுத்திவைக்கிறது; அங்கே குலம் கேட்கும் மயக்க மருத்துவரை நான் குறை கூறேன். (வாணியரும் நகரத்தாரும் வைசியரும் ‘செட்டியார்’ என்ற ஒரே பட்டத்தைத் தரித்திருக்கும் நம் சீமையில், கிடைக்கும் பதில் அவருக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம்.)

ஆனால் சராசரியை எடுத்துத் தனிமனிதன் தலையில் சுமத்துவதை எப்படிப் பொறுப்பது? 1956-ல் சென்னையில் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஐசோநயாசிட் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்த்தபோது, தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ பத்துக்கு அறுவர் அம்மருந்தை மெல்லவும், மற்ற நால்வர் விரைவாகவும் சிதைப்பதைக் கண்டார்கள். மெல்லச் சிதைப்பவனுக்குக் கால் மரத்து எரியும், பைரிடாக்சின் வேண்டும். விரைந்து சிதைப்பவனுக்கோ, வாரம் ஒரு முறை மருந்து என்ற ஏற்பாடு போதாமற்போகும். ஜப்பானியரில் பத்தில் ஒன்பது பேர் விரைந்து சிதைப்பவர்களாதலால் இனபேதம் மெய்தான். எனினும், தென்காசி ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருமிக்கொண்டிருக்கும் ஒருவன் அந்த அறுவரில் ஒருவனா, நால்வரில் ஒருவனா என்பதை அவன் தென்னிந்தியன் என்ற செய்தி சொல்லுமா?

கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடினை ‘ஆசியருக்கு’ 5 மில்லிகிராமில் தொடங்குக என 2005-ல் அமெரிக்காவில் விதித்தார்கள். சிங்கப்பூர்ச் சோதனையிலோ, வெள்ளையரைவிடச் சீனர் இரத்தத்தில் 2.3 மடங்கும், மலாய்க்காரரிடம் 1.9 மடங்கும், இந்தியரிடம் 1.6 மடங்கும் அம்மருந்து சேர்ந்தது; மூன்று ஜாதி மாட்டையும் ஒரே பட்டியில் அடைத்தாயிற்று! இதைச் சாஸ்திரம் என்பதைவிடச் சோம்பல் என்பதே பொருத்தம். இரத்தம் பார்க்கப் பணம் வேண்டும், நேரம் வேண்டும். குலம் கேட்க வாய் ஒன்று போதும்.

பட்டிக்காட்டில் சோதனைக்கு வசதி ஏது என்று நண்பர் கேட்டார். அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, சென்னையின் பரம ஏழைகளுக்கு அவ்வாறு அளந்து பார்த்திருக்க, இந்தச் சமாதானத்தை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.