லாலா என்னும் புதிர்

கதையில் நெடுநேரம் நடமாடும் மாந்தரே நெஞ்சில் நிலைப்பர் என்று சொல்வதற்கில்லை. சில இடங்களில் மட்டும் தோன்றி, அளவாகப் பேசி, முதன்மை மாந்தரின் வாழ்வையே திசைமாற்றிச் செல்லும் துணைமாந்தரும் உண்டு. ‘மொபைல் சூட் கண்டாம்’ என்னும் ஜப்பானிய அசைவூட்டத் தொடரில் வரும் லாலா சுன் அத்தகைய பாத்திரம்.

யோஷியுகி தொமினோ இயக்கிய இத்தொடர் 1979 ஏப்ரலில் தொடங்கி 1980 ஜனவரியில் முடிவுற்றது. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டுப் போதிய வரவேற்பின்றி 43 பகுதிகளோடு நிறுத்தப்பட்ட தொடர் இது. பின்னர் மறுஒளிபரப்பாலும், 1981, 1982 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று திரைப்படங்களாலும் பெரும்புகழ் எய்தியது. லாலா முதன்முதல் தோன்றுவது 34 ஆம் பகுதியில். மடிவது 41 ஆம் பகுதியில். இச்சிறு இடைவெளிக்குள் அவள் வாழ்வு முடிந்துவிடுகிறது.

பூமிக் கூட்டாட்சிக்கும், விண்வெளிக் குடியிருப்புகளில் எழுந்த ஜியோன் அரசுக்கும் நடக்கும் போரே கதைக்களம். கூட்டாட்சியின் பக்கம் நின்று கண்டாம் என்னும் மனித வடிவப் போர் எந்திரத்தை இயக்குபவன் அமுரோ ரே என்னும் 15 வயதுச் சிறுவன். எதிரணியில் நிற்பவன் முகமூடி அணிந்த வீரன் ஷா அஸ்னபிள். தன் குடும்பத்தைச் சிதைத்தவர்களைப் பழிவாங்கவே அவன் அவர்களுடைய படையில் சேர்ந்திருக்கிறான். லாலாவை மீட்டுத் தன்னோடு அழைத்துவந்தவனும் அவனே. எத்தகைய வாழ்விலிருந்து மீட்டான் என்பதைத் தொடர் விரித்துரைப்பதில்லை. நெற்றிப் பொட்டும் மாநிறமும் கொண்ட அவளை இந்தியப் பெண்ணாகக் காண இடமுண்டு. ஆயினும் ஊரும் உறவும் சொல்லப்படாத ஒருத்தியாகவே அவள் நம்முன் வந்து நிற்கிறாள்.

ஏரிக்கரைச் சந்திப்பு

போரில் நடுநிலை வகிக்கும் குடியிருப்பு ஒன்றில் மழைக்கு ஒதுங்கிய அமுரோ, ஏரிக்கரை வீட்டில் அவளைக் காண்கிறான். அவள் கண்கள் வானில் ஓர் அன்னத்தைத் தொடர்ந்துகொண்டிருக்கின்றன. அது தளர்ந்து நீரில் வீழ்கிறது. அழகிய உயிர் முதுமையுற்று மடிவது துயரமல்லவா என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். அமுரோ எதிர்பார்த்த விடை அதுவன்று. அவன் திகைத்து நிற்கிறான்.

அன்னத்தின் வீழ்ச்சி லாலாவின் முடிவுக்கு முன்னறிகுறி என்பது எளிதில் விளங்கும். அதனினும் முதன்மையானது வேறொன்று. தனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் உயிரின் இறப்புக்கு வருந்தும் நெஞ்சம் அவளுடையது. அத்தகைய நெஞ்சத்தையே போர் தேடிப்பிடித்துக் கருவியாக்குகிறது.

‘நியூடைப்’ என்று தொடர் குறிப்பிடும் புதுவகை மனிதர், தொலைவையும் பகையையும் கடந்து பிறர் மனத்தைப் பிழையின்றி உணர வல்லவர். மாந்தர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பயன்பட வேண்டிய ஆற்றல் அது. ஆனால் இரு தரப்பினரும் அதில் கண்டது எதிரியை வீழ்த்தும் திறனை மட்டுமே. எல்மெத் என்னும் விண்கலத்தில் அமர்த்தப்பட்ட லாலா, நினைவின் ஆற்றலாலேயே சிறு பீரங்கிகளை ஏவி, கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ள கப்பல்களை அழிக்கிறாள். பிறர் துயரை உணரும் திறனே பிறரைக் கொல்லும் படைக்கலமாகிறது. அவள் அவலத்தின் வேர் இங்கே இருக்கிறது.

செஞ்சோற்றுக் கடன்

41 ஆம் பகுதியில் அமுரோவும் லாலாவும் பொருதுகின்றனர். போரின் நடுவே இருவர் உள்ளமும் கலந்துவிடுகின்றன. காப்பதற்கு ஊரும் உறவும் இல்லாத நீ எதற்காகப் போரிடுகிறாய் என்று அவள் கேட்கிறாள். அவன் அதே வினாவைத் திருப்பிக் கேட்கும்போது, தன்னை மீட்டவனுக்காக என்று ஒளிவின்றி விடையிறுக்கிறாள். இச்சந்திப்பு காலங்கடந்து வந்தது என்றும் வருந்துகிறாள்.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்குக் கம்பனின் கும்பகருணன் நினைவுக்கு வருதல் இயல்பு. வீடணன் வந்து அழைத்தும் அண்ணனை விட்டு நீங்காமல் போரிட்டவன் அவன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கும்பகருணன் இராவணனின் பிழையை அவன் முகத்துக்கு நேரே இடித்துரைத்த பின்னரே களம் புகுகிறான். லாலா ஷாவின் பழிவெறியைக் குறித்து ஒரு சொல்லும் கேட்பதில்லை. நன்றியுணர்வு அவளுக்கு உயர்வையும் தருகிறது. அவள் கண்ணையும் கட்டிவிடுகிறது.

சற்று நேரத்தில் ஷா அங்கு வந்துசேர்கிறான். எதிர்த்து வந்த கலத்தில் இருப்பவள் தன் தங்கை செய்லா என அறியாமல் தாக்க முனைகிறான். லாலா தடுக்கிறாள். அவன் தயங்கிய நொடியில் அமுரோ பாய்கிறான். இடையே புகுந்த லாலாவின் கலத்தை அவன் வாள் துளைக்கிறது. ஷாவின் உயிரைக் காத்து அவள் மடிகிறாள். அவளை முழுதும் புரிந்துகொண்ட ஒருவனின் கையாலேயே மடிகிறாள்.

புதிர் எங்கே?

இரண்டு ஆடவரின் பகையை வளர்ப்பதற்கென்றே படைக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பெண் இவள் என்று குறைகூறலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. அவளுக்கென ஒரு விருப்பம், தனக்கென ஒரு நாளைய கனவு எதையும் தொடர் காட்டுவதில்லை. ஆயினும் இக்குறையைப் படைப்பாளரே உணர்ந்திருந்தார் என்பதற்கு, தொமினோ இயக்கிய ‘ஷாவின் எதிர்த்தாக்குதல்’ என்னும் 1988 ஆம் ஆண்டுத் திரைப்படம் சான்று. அதில் அமுரோவின் கனவில் லாலா இன்னும் வருகிறாள். இறுதிக்காட்சியில், லாலா தனக்குத் தாயாகியிருக்கக் கூடியவள் என்று ஷா வெளிப்படுத்துகிறான். அமுரோ வியப்பில் ஆழ்கிறான். ஒருத்தியை எண்ணிப் பல்லாண்டு பகைவளர்த்த இருவரும் எண்ணியது ஒரே பெண்ணை அன்று. ஒவ்வொருவனும் தன் வாழ்வின் வெற்றிடத்துக்கு அவள் பெயரை இட்டிருந்தான்.

லாலா எதையும் மறைத்துப் பேசியவள் அல்லள். யாருக்காகப் போரிடுகிறாள், எதற்காக வருந்துகிறாள் என்பதைத் தெளிவாகவே சொன்னாள். அவளைப் புதிராக்கியது அவளுடைய மௌனமன்று, கேட்டவர்களின் செவி. 2025 இல் ஒளிபரப்பான புதிய கண்டாம் தொடரிலும் அவள் மீண்டும் தோன்றியதற்குக் காரணம், அவளைக் குறித்துச் சொல்ல வேண்டியது இன்னும் எஞ்சியிருப்பதே எனலாம்.

பிறர் உள்ளத்தை உணரும் ஆற்றல் மட்டும் மனிதரைக் காப்பாற்றிவிடாது என்பதே இப்பாத்திரம் உணர்த்தும் உண்மை. உணர்ந்த பின்னும் வாளைத் தாழ்த்தாத களத்தில், முதலில் வீழ்வது உணர வல்லவரே ஆவர்.