முதலில் எந்தத் தொகுப்பு?

பெண்கள் எழுதிய கவிதைகளில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், தமிழ்நாட்டில் நான்கு பெயர்கள் ஒரே மூச்சில் வந்து விழும்: சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி. நால்வருமே படிக்க வேண்டியவர்கள்தான். என் புகார் அந்த ஒரே மூச்சைப் பற்றியது. 2002இல் 'முலைகள்' வெளிவந்த பிறகு எழுந்த கூச்சலில் நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார்கள். 'உடல்மொழி' என்ற ஒரு சொல் அவர்கள்மேல் போர்த்தப்பட்டது. வசைபாடியவர்கள் வைத்த வரிசையையே, ஆதரிக்கிறோம் என்று சொல்பவர்களும் இன்றுவரை பரிந்துரைப் பட்டியலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நால்வரின் முதல் தொகுப்புகளை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' அறைக்குள் நடப்பது. சுவர், படுக்கை, விடியாத இரவு, நடுவே பேரம். மாலதி மைத்ரி தொகுப்புக்கு 'சங்கராபரணி' என்று ஒரு ஆற்றின் பெயரை வைத்தார். பிறகு, ஊரே அஞ்சும் நீலியின் பெயரை இன்னொன்றுக்கு வைத்தார். அவருடையது வெளியில் நடமாடும் கவிதை. சித்த மருத்துவம் படித்த குட்டி ரேவதி உடலைப் பார்க்கும் விதம் வேறு. இவர்களை ஒரே காரணத்துக்காகப் பரிந்துரைப்பவர் ஒருவரையாவது படிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதில் அதிகம் இழப்பது சுகிர்தராணி. 'இரவு மிருகம்' என்றதும் காமத்தை எழுதியவர் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். செத்த மாட்டின் தோலை உரிக்கும் வீட்டைப் பற்றி, தெருவில் பறையடிக்கும் அப்பாவைப் பார்த்தும் பாராமல் கடந்த சிறுமியைப் பற்றி, பின்னாளில் யாராவது கேட்டால் தயங்காமல் தன் சாதியைத் தானே சொல்லிவிடும் பெண்ணைப் பற்றி அவர் எழுதியவை அந்த அறிமுகத்தில் வருவதில்லை. அந்த உடல்தான் இந்த உடல். தீண்டாதே என்று விலக்கப்பட்ட ஒன்று, தன் ஆசையைச் சொல்கிறது. ஒன்றை விட்டு மற்றதைக் கொடுத்தால் கவிதையில் பாதி போய்விடும். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யையும் சுகிர்தராணியையும் சேர்த்தே நீக்கினார்கள். நீக்கியவர்களுக்குச் சாதியும் உடலும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பரிந்துரைக்கும் நமக்குத்தான் தெரிவதில்லை.

இன்னொரு கேள்வியையும் நாம் கேட்பதில்லை. இந்தப் புத்தகத்தை அவள் எங்கே வைத்துப் படிப்பாள்? விடுதியில் ஆறு பேர் இருக்கும் அறையிலா, அண்ணன் பையைத் துழாவும் வீட்டிலா? 'முலைகள்' என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் நூலைப் பேருந்தில் விரிக்க எல்லாராலும் முடியாது. அதற்காக அந்த நூலைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. செய்தித்தாள் அட்டை போட்டுக் கொடுங்கள் என்கிறேன். பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, கணவர் வீட்டில் ஒளித்து ஒளித்து எழுதி, புனைபெயரில் வெளியிட்டவர் சல்மா. எழுதியவளுக்கே ஒளிவிடம் தேவைப்பட்டிருக்கும்போது வாசிப்பவளுக்குத் தேவைப்படாதா? இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு மேசையும் பூட்டும் இருக்கின்றன.

ஈழத்துக் கவிதைக்கு வந்தால் சிக்கல் வேறு. சிவரமணியைப் பற்றி முதலில் சொல்லப்படுவது அவருடைய மரணம். 1991இல், தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டவர் என்று அறிமுகம் செய்தால், எஞ்சிய கவிதைகள் எல்லாமே மரணக் குறிப்புகளாகிவிடுகின்றன. இளம் வாசகிகளிடம் இப்படிக் கொடுப்பது எனக்கு உவப்பில்லை. அதில் ஒரு பிழையான கவர்ச்சி இருக்கிறது. அவருடைய யுத்தகால இரவுக் கவிதையை, எழுதியவரின் முடிவு தெரியாத ஒருத்தியிடம் கொடுங்கள். கேள்வி கேட்காமலிருக்கப் பழகி, ஒரே இரவில் பெரியவர்களாகிவிடும் குழந்தைகளை அவள் பார்ப்பாள். அது அரசியல் தெளிவுள்ள ஒரு மூளை எழுதியது. மரணத்தைப் பிறகு தெரிந்துகொள்ளட்டும்.

சிவரமணியைத் தனியாகக் கொடுப்பதைவிட 'சொல்லாத சேதிகள்' வழியாகக் கொடுப்பது நல்லது. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட அந்தச் சிறு நூலில் அவர் அ. சங்கரி, ஔவை, ஊர்வசி, மைத்திரேயி என்று பத்துப் பேரில் ஒருவர். சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரையும் உண்டு. சீதனமும் சமையலறையும் காதலும் போரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பொதுவாகத் தொகைநூல்களை நான் முதலில் பரிந்துரைப்பதில்லை. ஒரு கவிஞருக்கு ஐந்து பக்கம் கொடுத்தால் குரல் பிடிபடாது. இது விலக்கு. சேர்ந்து பேசியதுதான் அந்த நூலின் விஷயம். கடையில் கிடைக்காவிட்டால், ஈழ நூல்களைச் சேமித்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையதளத்தில் தேடுங்கள்.

பழையதைக் கேட்பவர்களுக்கு ஔவை. சங்கத்தொகைகளில் அவர் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. நம் பெண் குழந்தைகளுக்குத் தெரிந்த ஔவையோ பல நூற்றாண்டுக்குப் பிந்தைய ஆத்திசூடிப் பாட்டிதான். தன் வேதனை தெரியாமல் உறங்கும் ஊரைப் பார்த்துக் கொதிப்பவளும், அதியமானோடு கள் பகிர்ந்தவளும், தொண்டைமானின் பளபளக்கும் ஆயுதங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தவளும் பாடப்புத்தகத்தில் ஓரமாக வந்துபோகிறார்கள். குறுந்தொகையில் உள்ள அவருடைய 15 பாடல்களிலிருந்து தொடங்கலாம், நல்ல உரையோடு. உரையில்லாமல் கொடுத்தால் மூடிவைத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு, இதுவரை கவிதையே படிக்காத ஒருத்திக்கு ஒரே ஒரு தொகுப்பு என்றால் என் கை அனாரின் 'எனக்குக் கவிதை முகம்' நோக்கித்தான் போகும். சாய்ந்தமருதில் இருந்து எழுதும் அவரிடம் கடலும் மழையும் பச்சையும் உண்டு, காதல் உண்டு, போரும் உண்டு. எதையும் விளக்கிச் சொல்லும் அவசரம் இல்லை. சில கவிதைகள் முதல் வாசிப்பில் புரியாமல் போகலாம், பரவாயில்லை. கிழக்கிலங்கையின் நாட்டார் காதல் பாடல்களை அவர் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்று தொகுத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். கவிதைத் தொகுப்பை அவள் தனியாக வாசிக்கட்டும். பாடல்களை வீட்டில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டி இருந்தால் அவருக்கும் நினைவில் நாலு பாட்டு வரும்.