பதினோராம் பொருள்

சிற்பத்துக்கு உரிய பொருள்கள் பத்து எனத் திவாகர நிகண்டு வகுத்துரைக்கிறது. கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு என்பன அவை. இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். பல நூற்றாண்டு நிற்கும் கல்லும், வெயிலில் உருகும் மெழுகும் அங்கே ஒருசேர வைத்து எண்ணப்படுகின்றன. பொருளின் ஆயுள் ஒன்றையே கொண்டு முன்னோர் கலைப்பொருளைத் தெரிந்தெடுக்கவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வரிசையில் பதினோராம் இடம் கேட்டு நிற்கிறது செயற்கைப் பிசின். மரத்தில் ஊறும் பிசினும் குங்கிலியமும் யாவரும் அறிந்தவை. இதுவோ ஆலையில் பிறப்பது. ‘பாலியெஸ்டர் ரெசின்’ எனப்படும் வகை தேன்போன்ற நீர்மம். அதில் வினையூக்கியைச் சிறிதளவு கலந்தால் தானே சூடேறி இறுகிவிடும், பின்னர் உருகாது. கண்ணாடி இழையோடு சேர்ந்தால் மெல்லிய தகடும் வலிமை பெறும். செம்பு போலவும் சலவைக்கல் போலவும் வேடமிட்டுக் கடைகளில் விற்கப்படும் பொம்மைகள் பல இத்தகைய பிசினால் ஆனவையே. வேடமிடுவது ஒன்றே இதன் தொழிலாயின், பதினோராம் இடம் இதற்கு வேண்டுவதில்லை.

தனக்கென ஓர் இயல்பு இதற்கு உண்டா? உண்டு என்பதற்கு ஆங்கிலச் சிற்பி ரேச்சல் வைட்ரீட்டின் படைப்புகள் சான்று. 1998-இல் நியூயார்க் நகரில் ஒரு கட்டடத்தின் உச்சியில் ‘வாட்டர் டவர்’ என்னும் சிற்பத்தை அவர் நிறுவினார். நீர் தேக்கும் மரத்தொட்டி ஒன்றின் உட்புறத்தைப் பிசினால் வார்த்தெடுத்தது அது. தொட்டி போயிற்று; நீர் நின்ற இடம் மட்டும் வடிவாக நின்றது. வானம் கறுத்தால் அதுவும் மங்கும். வெயில் எறித்தால் ஒளிரும்.

2001-இல் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில், நெடுங்காலம் சிலையின்றி வெறுமையாய்க் கிடந்த பீடத்தின்மேல், அதே பீடத்தின் வடிவைத் தலைகீழாகப் பிசினில் வார்த்து வைத்தார். எடை 11 டன். கண்ணுக்கோ நீர்போல் தெளிவு. அரசரும் படைத்தலைவரும் நிமிர்ந்து நிற்கும் அச்சதுக்கத்தில், வெற்றிடத்துக்கே எடுத்த நினைவுச் சின்னமாக அது விளங்கிற்று. கனமும் வெறுமையும் ஒருங்கே தோன்றச் செய்தல் கல்லுக்கு எளிதாமோ? இங்கே பிசின் எவரையும் நடிக்கவில்லை. தன் குரலிலேயே பேசிற்று.

ஒளி பிசினின் ஒரு முகம், முதுமை மறுமுகம். வெயிலின் புறவூதாக் கதிர் பட்டுப் பட்டுப் பாலியெஸ்டர் பிசின் மஞ்சளித்துப்போகும். ஈவா ஹெஸ்ஸின் படைப்புகளில் இம்முகத்தைக் காணலாம். 1936-இல் ஹாம்பர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி நியூயார்க்கில் வளர்ந்து, 1970-இல் 34-ஆம் வயதிலேயே மறைந்தவர் இவர். 1968-இல் இவர் ஆக்கிய ‘ரெப்பட்டிஷன் நைன்டீன் 3’ வாளி போன்ற 19 பாத்திரங்களின் தொகுதி. ஒன்று போல் மற்றொன்று இல்லை. அப்பிசின் இன்று மஞ்சளித்திருக்கிறது.

1969-இல் ஆக்கிய ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ இதனினும் நிலை தளர்ந்தது. பிசினும் கண்ணாடி இழையும் கொண்ட கம்பங்களுக்கிடையே, இரப்பர்ப் பால் தோய்ந்த மெல்லிய துணியைத் திரைபோல் இணைத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்பாலின் குணம் மலேசியத் தோட்டங்களை அறிந்தோர்க்குப் புதிதன்று. வெண்மையாய் வடிவது, நாளடைவில் கறுத்து, விறைத்து, முறியும். அத்திரைக்கும் அதுவே நேர்ந்தது. குக்கன்ஹைம் அருங்காட்சியகம் பழுது பார்த்து, ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின் 2022-இல்தான் அதை மீண்டும் காட்சிக்கு வைத்தது.

இத்தகைய படைப்பைப் புதிதாக வார்த்துவிடலாமே என்பார் உண்டு. புதிய வார்ப்பில் வடிவம் வரும். ‘போதும்’ என்று சிற்பி நிறுத்திய இடம் வராது. ஆதலால் கறுத்த திரையைக் கறுத்ததாகவே காப்பதுதான் முறை.

தம் படைப்பை விலை கொடுத்து வாங்குவோரை எண்ணும்போது மனம் உறுத்துகிறது என்றும், வாழ்வே நிலையாதபோது கலை நிலையாமை பெரிதன்று என்றும் 1970-இல் ஒரு பேட்டியில் ஹெஸ் கருத்துரைத்தார். இவ்விரண்டனுள் முன்னதே மேலானது. நிலையாமை பேசுதல் எவர்க்கும் எளிது. வாங்குவோர் பொருட்டு உள்ளம் உறுத்துவது நேர்மையுடையார்க்கே உரியது.

பிசினுக்குப் பதினோராம் இடம் தரலாம். அதனைக் கையாளும் இளஞ்சிற்பியர் இரண்டை நெஞ்சில் இருத்துதல் வேண்டும்: வேறொன்றாக அதனை நடிக்க விடலாகாது, அதன் முதுமையைக் காண்போர்க்கும் காப்போர்க்கும் மறைக்கலாகாது.