குடும்ப ஏடுகளும் கொச்சி யூதர் வரலாறும்

கடல் கடந்து குடியேறிய மக்களின் தொடக்க வரலாற்றை அவர்தம் குடும்ப ஏடுகளைக் கொண்டே எழுதிவிடலாம் என்பர் சிலர். கொச்சி யூதரின் ஏடுகளை ஊன்றிப் பார்ப்பார்க்கு இக்கூற்றுப் பாதியளவே பொருந்தும்.

எசக்கியேல் இரகாபி (1694–1771) டச்சுக் கம்பெனியோடு வாணிகம் நடத்திய பெருவணிகர். 1768-இல் ஹேக் நகரத்துத் தோபியாஸ் போவாஸுக்கு அவர் எழுதிய மடல் தம் இனத்தார் வரலாற்றைக் கூறுவது. அதற்கு முன்பே, 1686-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசே பெரெய்ரா த பைவா, கொச்சிக் குடும்பங்களைப் பட்டியலிட்டு மறு ஆண்டே நூலாக்கினார். கண்டதை எழுதுமிடத்து இத்தகைய ஏடுகள் நம்பத்தக்கன. தொன்மை பேசப் புகும்போதுதான் இடறுகின்றன.

சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன் சூசேப்பு இரப்பானுக்கு முயிரிக்கோட்டிலிருந்து வழங்கிய செப்பேட்டைக் காண்க. யூதர் மரபு அதனைக் கி.பி. 379-க்கு உரியதென்னும். செப்பேடோ, அரசனின் 2-ஆம் ஆண்டுக்கு எதிர் 36-ஆம் ஆண்டு என்கிறது. கூட்டினால் 38, அஃது ஏறத்தாழக் கி.பி. 1000 ஆகும். ஆறு நூற்றாண்டு வேறுபாடு! வட்டெழுத்தறிந்த தமிழாசிரியர்க்கு இது நல்ல பாடம். செப்பேடு கூறும் அஞ்சுவண்ணத்தையும் மரபு ஒரு சிற்றரசாக்கிற்று. அது வணிகர் குழுவின் பெயர் என்பதே ஆய்வாளர் துணிபு.

பிழையினும் பெரிது மௌனம். பெருவணிகர் வீட்டு ஏட்டில் அடிமைநிலையினின்று விடுபட்டோர்க்கு இடம் ஏது? 1568-இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடத்தில் அவர்க்குச் சமவுரிமை இல்லை. அவ்வழிவந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) அறப்போர் நடத்தினார், நாட்குறிப்பும் எழுதினார். இரகாபியின் மடலோடு இதனையும் சேர்த்துப் படித்தாலன்றி அத்தெருவின் வரலாறு முழுமையுறாது.

பெடாஸ் வட்டாரத் தோட்டங்களின் கதையை எழுத முனைவோரும் இதனைக் கருதுதல் நலம். கங்காணி முறை 1938-இல் ஒழிந்தது. கங்காணி வீட்டுக் கணக்குச் சிட்டை கிடைத்தால் அதில் ஆளின் பெயரும் முன்பணமும் இருக்கும். அவ்வாள் வீட்டுத் தாலாட்டு இராது.

கொச்சியில் அக்குறையைப் பெண்டிர் ஓரளவு தீர்த்தனர். மலையாளப் பாட்டுகளைக் கையேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகள் பெற்றுக் காத்தனர். 1948-க்குப் பின் பலர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அக்கையேடுகளும் உடன் சென்றன. அவற்றினின்று தொகுத்த பாட்டுகள் 2005-இல் ‘கார்குழலி’ என்னும் பெயரில் அச்சேறின. திருமணமும் தொழுகைக்கூடங்களின் பெயர்களும் அப்பாட்டுகளில் உள்ளன. வணிகக் கணக்கு இல்லை.