நடுவம் இல்லாத நூற்பட்டியல் பகிர்வு: ஒரு விமர்சனம்

அன்னவாசலில் படிக்கும் மாணவருக்கு அரிய தமிழ் நூல்கள் எட்டாத தொலைவில் இல்லை. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் முதற்பதிப்புகளுக்குப் பெயர்பெற்றது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடிப்படைத் தொகுப்பும் கோட்டையூரில் சேர்ந்ததே. இத்தகைய நூலகங்கள் தம் பட்டியல்களை ஒரே தலைமைக் கணினியில் குவிக்காமல் தமக்குள் நேரடியாகப் பரிமாறிக்கொள்ளலாம் என்ற கருத்து கவர்ச்சியானது. சிறு நூலகத்தின் பதிவுகள் அதன் கையிலேயே இருக்கும். ஒரு வழங்கி நின்றாலும் மற்றவை இயங்கும்.

2001இல் வெளிவந்த ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை இதற்குப் பாதி வழி அமைத்தது. குறிப்பிட்ட நாளுக்குப் பின் மாறிய பதிவுகளை மட்டும் கேட்டுப் பெறலாம். ஆனால் நீக்கிய பதிவுகளைத் தெரிவிப்பது அதில் கட்டாயமில்லை. இது சிறிய குறை.

பெரிய சிக்கல், எது ஒரே நூல் என்று முடிவுசெய்வது. பழைய நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது. 'விகாரி' என்று மட்டும் அச்சிட்ட ஆண்டு 1899-1900ஆகவும் இருக்கலாம், 1959-60ஆகவும் இருக்கலாம். ஒரு நூலகம் சொ. விருத்தாசலம் என்று பதிவதை இன்னொன்று புதுமைப்பித்தன் என்று பதியும். தலைப்பைப் பார்த்துத் தானாக இணைக்கும் நிரல் முதற்பதிப்பையும் மறுபதிப்பையும் ஒன்றாக்கிவிடும். பிந்திய திருத்தமே செல்லும் என்ற விதி இன்னும் மோசம். அவசரத்தில் தட்டச்சிட்ட பதிவு, நூலைக் கையில் வைத்து எழுதிய பதிவை எல்லா இடங்களிலும் அழித்துவிடும். நடுவம் இருந்தால் முறையிடவாவது ஓர் ஆள் இருப்பார்!

எனவே மேலெழுதுவதைக் கைவிட்டு, எந்த நூலகம் எந்த நாளில் பதிந்தது என்ற குறிப்புடன் எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும். ஒரே நூல் மூன்று வரிகளில் தோன்றும், தோன்றட்டும்.