பெனால்டி டபிள்: மூன்று பாணிகள், ஒரு கட்டுப்பாடு

நம் பிரிட்ஜ் மன்றத்தின் ஏல மரபுகளைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுத் தலைவர் கேட்டார். அவர் கேட்டு நான் மறுத்ததில்லை. ஆனால் ஏலம் முழுவதையும் எழுதப் புகுந்தால் மலரில் விளம்பரங்களுக்கு இடமிராது. ஆகவே டபிளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரே கேள்வி: எந்த டபிள் அடிப்பதற்கு (பெனால்டி), எந்த டபிள் பார்ட்னரைப் பேச வைப்பதற்கு (டேக்-அவுட்)? ஸ்லாம் தவறிய மனவருத்தம் நம் மேசைகளில் ஒரு டீயோடு தீர்ந்திருக்கிறது. டபிளால் வந்த வருத்தமோ ஆர்ச் கேட் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, சில சமயம் காடாம்புலியூரில் நான் இறங்கும்வரை பஸ்ஸிலும் தொடர்ந்திருக்கிறது.

யார் யாரிடம் கற்றார்கள் என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். பாணிகளை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது கோரன் பாணி. பார்ட்னர் பாஸைத் தவிர எதுவும் சொல்லாதபோது, கீழ்மட்டத்தில் எதிரி சொன்ன சூட்டின் மீது வரும் டபிள் டேக்-அவுட். பார்ட்னர் ஏற்கெனவே ஏலத்தில் கலந்துகொண்டிருந்தால் டபிள் பெனால்டி. கல்பர்ட்சன் காலத்திலிருந்து வரும் இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டே நம் மூத்தவர்கள் சச்சரவில்லாமல் ஆடினார்கள்.

இரண்டாவது ஆக்கல். 1930-களில் லண்டன் ஆக்கல் ரோட்டில் இருந்த கிளப்பில் பிறந்தது. 12 முதல் 14 பாயிண்டில் 1 நோ-டிரம்ப் திறக்கும் பாணி அது. அந்த நோ-டிரம்ப் மீது எதிரி செய்யும் டபிளும் அடி. பார்ட்னரின் நோ-டிரம்ப்புக்கு மேல் எதிரி சூட் சொன்னால் நாம் செய்யும் டபிளும் அடி.

மூன்றாவது பிரிசிஷன். சி.சி. வெய் வகுத்தது. 1969-ல் தைவான் அணி பெர்முடா பவுலில் இரண்டாமிடம் பெற்றதும் உலகம் முழுக்கப் பரவியது. 16 பாயிண்டிலிருந்து 1 கிளப் திறந்து, பாசிட்டிவ் பதிலும் வந்துவிட்டால், அதன்பின் கேமுக்குக் கீழே ஏலத்தை விட முடியாது. எதிரி குறுக்கே வந்தால் நம் பாஸ் பார்ட்னரைக் கட்டாயப்படுத்தும். டபிள் பெரும்பாலும் அடி.

பார்ட்னர் திறந்தபின் வரும் டபிளையும் பேச வைப்பதாக மாற்றி, பழைய வழக்கத்தை அசைத்தது ஆல்வின் ராத் 1957-ல் கொண்டுவந்த நெகட்டிவ் டபிள். அந்த ஆண்டு ரஷ்யர்கள் விண்ணில் ஏவிய செயற்கைக்கோளின் பெயரால் அதை ஸ்புட்னிக் என்றார்கள். அதே 1957 மே 20 அன்றுதான் நேரு நம் நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ரஷ்ய உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் அருகில் வாழ்ந்தும், நம் மூத்தவர்கள் இந்த ஸ்புட்னிக்கை மட்டும் நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். அதைப் பிடிவாதம் என்பவர்கள் உண்டு. நான் நிதானம் என்பேன்.

நான் எந்தப் பாணி என்று கேட்பவர்கள் இந்த மலரின் முதல் பக்கத்துப் படத்தில் இருக்கும் அய்யாவைப் பார்க்கலாம்; என் பாணி அவருடையது. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வந்து உட்காருவார் அய்யா. டபிளுக்கு முன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை என்று அவர் வைத்த கேள்விகள் மூன்று. கை யாருடையது? துருப்பு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது? பார்ட்னர் சூட்டில் உன்னிடம் எத்தனை?

நாம் ரீடபிள் செய்திருந்தாலும், கேம் வரை போவது என்று ஏலத்தில் உறுதிப்பட்டிருந்தாலும், ஒரு டேக்-அவுட் டபிளைப் பார்ட்னர் பாஸ் செய்து அடியாக மாற்றியிருந்தாலும் கை நம்முடையது. அதன்பின் வரும் டபிள் அடி. துருப்பு டிக்ளேரருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னால் இருந்தால் கிங்கும் ஜாக்கும் அவர் கைக்கு இரையாகிவிடும். பார்ட்னர் சூட்டில் நீளம் இருந்தால் அடிக்கும் ஆசையை அடக்கு. ஒற்றைச் சீட்டு இருந்தால் நல்லது.

அவர் அடிக்கடி விரித்துக் காட்டும் கை ஒன்று. பார்ட்னர் 1 ஸ்பேட் திறக்க, வலப்பக்கத்து எதிரி 2 டயமண்ட் சொல்கிறார். நம் கையில் ஸ்பேட் 4. ஹார்ட் கிங், 7, 3. டயமண்ட் கிங், ஜாக், 10, 8, 5. கிளப் ஏஸ், 8, 6, 2. "தம்பி, மூணு கேள்விக்கும் பதில் இருக்கா?" என்பார். இருக்கிறது. கோரன் பாணியில் டபிள், அத்தோடு பேச்சு முடிந்தது.

நெகட்டிவ் டபிள் ஆடுபவர்களுக்கு இந்த டபிள் கிடையாது. சொன்னால் ஹார்ட் இருக்கிறது என்றாகிவிடும். பாஸ் சொல்ல வேண்டும். டயமண்ட் குறைவாக உள்ள பார்ட்னர் தன் முறையில் டபிளால் திரும்பத் திறப்பார். அதை நாம் பாஸ் செய்ய வேண்டும். சுற்றி வந்தாலும் சேருமிடம் அதேதான். கடைசிக் காலத்தில் அய்யாவே இதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: அந்த முதல் பாஸ் மற்ற பாஸ்களைப் போலவே வர வேண்டும். கூரையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, சீட்டை இரண்டு முறை அடுக்கிவிட்டுப் பாஸ் சொன்னால், நீ ஏற்கெனவே டபிள் சொல்லிவிட்டாய். பார்ட்னர் அதைக் கண்டுகொண்டு திறப்பதை விதிப்புத்தகம் அனுமதிப்பதில்லை. புதிய பாணி பழையதைவிடக் கூடுதலான கட்டுப்பாட்டைக் கேட்கிறது என்பதை அவரளவு தெளிவாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

கணக்கிலும் அவர் கறார். டீம்ஸ் ஆட்டத்தில், வல்னரபிளான எதிரி டபிளோடு 2 டயமண்ட் எடுத்துவிட்டால் 90-க்குப் பதில் 180. நஷ்டம் 3 இம்ப். 2 ஹார்ட் என்றால் கதை வேறு. டபிளோடு அது கேம் ஆகிவிடும். 110-க்குப் பதில் 670, நஷ்டம் 11 இம்ப். அதையே ஒரு ட்ரிக் இறக்கினால் 100 இருநூறாகி நமக்கு வருவது வெறும் 3 இம்ப். மூன்றுக்கு ஆசைப்பட்டுப் பதினொன்றைப் பணயம் வைக்காதே என்பார். பேர்ஸ் ஆட்டத்தில் மட்டும் அந்த 200-க்குத் தனி மரியாதை. நம் பார்ட்-ஸ்கோர் 110, 140 எல்லாவற்றையும் அது தாண்டிவிடும்.

பிடிங் பாக்ஸ் வருவதற்கு முன் எல்லாம் வாய்மொழிதான். மெதுவாக இழுத்து "டபிள்" என்றால் டேக்-அவுட், மேசை அதிர "டபிள்!" என்றால் அடி என்று சில ஊர்களில் ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். அய்யா இரண்டையும் பஸ்ஸில் ஊர் பேர் சொல்லி டிக்கெட் கேட்பதுபோல ஒரே குரலில் சொல்வார். இப்போது குரல் இல்லை. சிவப்பு அட்டை இருக்கிறது. அந்த அட்டையை வைக்கும் விதத்தில் குரல் திரும்பி வந்துவிட்டது.

நான் யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. இன்று ஆடுபவர்களில் மிக நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் ஜெயித்தும் வருகிறார்கள். ஆனால், நெகட்டிவ், ரெஸ்பான்ஸிவ், சப்போர்ட் என்று டபிளுக்குப் பெயர்கள் பெருகிய அளவுக்கு கன்வென்ஷன் கார்டில் எழுத்து பெருகவில்லை. எந்த மட்டம் வரை நெகட்டிவ் என்று கேட்டால் இருவர் இரு பதில் தருகிறார்கள். கார்டு எங்கே என்றால் போனில் இருக்கிறது என்கிறார்கள். போனை எடுத்தால் அழைப்பு வருகிறது. அழைப்பு வந்தால் எழுந்து போகிறார்கள். டம்மியாக இருப்பவர் போனால் சரி, டிக்ளேரரே போனால்? திரும்பி வருவதற்குள் ஸ்கோர் தாளின் மேல் டீ டம்ளர் வைத்தாகிவிடுகிறது. டம்ளர் வட்டத்துக்குள் 500-ஆ 800-ஆ என்று தெரியாமல் ஒரு டைரக்டர் விழிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் நாற்காலியை உள்ளே தள்ளுவதுகூட இல்லை. நாற்காலியைத் தள்ளாதவன் பார்ட்னரின் டபிளை எப்படி மதிப்பான் என்று நான் ஒருமுறை கேட்டபோது சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். சீட்டு என்றாலே சூது என்று முகம் சுளிக்கும் ஊர்கள் நம்மைச் சுற்றிலும் உண்டு. ரம்மி திறமை சார்ந்தது என்று 1967-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதிலுள்ள அதிர்ஷ்டத்துக்கு ஒப்பாகக் காட்டியது பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது உள்ள அதிர்ஷ்டத்தைத்தான். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆடவர் ஜோடிப் பிரிவில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றபோது அவர்களுக்கு வயது 60, 56. அந்த மேடையில் கார்டு நிரப்பாமல் யாரும் உட்கார முடியாது. அந்த மரியாதையை நாம் டம்ளர் வட்டத்துக்குள் வைத்துவிடக் கூடாது.

குறை மட்டும் சொல்லிப் போனேன் என்ற பெயர் வேண்டாம். வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். நெகட்டிவ் டபிள் எந்த மட்டம் வரை, 1 நோ-டிரம்ப் மீது டபிள் என்ன, பேசி வைக்காத டபிளுக்கு என்ன பொருள் என்ற மூன்றும் எழுதப்பட்ட கார்டு இல்லாத ஜோடிக்கு மேசை தரக்கூடாது. மூன்றாவதற்கு என் பரிந்துரை அய்யாவின் பாணியே: பார்ட்னர் தன் கையைக் காட்டிவிட்டிருந்தால் அது அடி. தலைவர் வழிமொழிவார் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பாதி சம்மதித்துவிட்டார்.